எழுபத்தோராம் நிமிடம்

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து கப்பலில் ஏழு மணி நேரம் தள்ளிக் கிடந்த அந்தக் கிராம்புத் தீவில், கொடிநாள் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், எழுபத்தோராம் நிமிடத்தில் ஹமாதி ஓங்கி உதைத்த பந்து மேலே போனது, கீழே வரவில்லை.

தீவின் வடக்கே கிசிமா, தெற்கே மிவிண்டி. வெள்ளைக்காரர்களின் கொடி இறங்கித் தீவின் சொந்தக் கொடி ஏறிய அந்த முதல் நாளில் கயிற்றை இழுத்த கை எங்கள் ஊர்க் கை என்று கிசிமாக்காரர்கள் சொல்வார்கள், எங்கள் ஊர்க் கை என்று மிவிண்டிக்காரர்களும் சொல்வார்கள், அன்றைக்கு எடுத்த ஒரே ஒரு புகைப்படத்தில் கை மட்டும்தான் தெரிந்தது, முகம் கம்பத்துக்குப் பின்னால் இருந்தது. இந்த வழக்கைத் தீர்க்க முடியாமல் அரசாங்கம் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தது. ஒவ்வொரு வருடமும் கொடிநாளை ஒட்டிய பத்து நாட்களில் தீவின் எட்டு அணிகளும் மோத வேண்டும், தோற்ற அணி வீட்டுக்குப் போக வேண்டும், கொடிநாளின் மாலையில் நடக்கும் கடைசி ஆட்டத்தில் ஜெயிக்கிற ஊர் அடுத்த வருடம் கயிற்றை இழுக்க வேண்டும். எட்டு அணிகள் என்பது பேச்சுக்குத்தான். ஒவ்வொரு வருடமும் கடைசியில் எதிரெதிரே நின்றது இந்த இரண்டு ஊர்களே.

அந்தப் பத்து நாட்களில் தீவில் யாரும் யாரையும் நம்புவதில்லை. வாசலில் எதையாவது புதைத்திருப்பார்கள் என்று ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குள் வாசல் வழியாக வராமல் சுவர் ஏறிக் குதித்தார்கள். தங்கள் தாயோ மனைவியோ சமைத்ததைத் தவிர வேறு சோற்றைத் தொடமாட்டார்கள். கோல்போஸ்ட்டின் அடியில் மண் புதிதாகக் கிளறியிருந்தால் ஊரே கூடி முழங்கை ஆழத்துக்குத் தோண்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கிடைக்காவிட்டால், கிடைக்காதபடி புதைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்யும்.

இப்படிப்பட்ட தீவில் விசிலை யார் கையில் கொடுப்பது? சின்னஞ்சிறு குப்பத்தில் பிறந்தவனுக்குக்கூட ஒரு அக்காவோ தங்கையோ இரண்டு ஊர்களில் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருப்பாள். அதனால்தான் பன்னிரண்டு வருடங்களாக இறுதி ஆட்டத்துக்கு ஞானமுத்து வாத்தியார் நடுவராக இருந்தார். தமிழ் ஊரான நாசரேத்திலிருந்து வந்து அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், ஒல்லியான, நெட்டையான, அதிகம் பேசாத மனிதர், அவரை முவாலிமு என்று அழைத்தார்கள், அந்த ஊர்ப் பேச்சில் வாத்தியார் என்று அர்த்தம். தீவில் அவருக்கு ரத்த சொந்தம் யாரும் இல்லை. கோப்பை நடக்கிற பத்து நாட்களும் கிசிமாவின் தேநீரைக் குடிக்கமாட்டார், மிவிண்டியின் மீனைத் தொடமாட்டார், வணக்கம் சொன்னால்கூட இரண்டு ஊர்க்காரர்களுக்கும் ஒரே அளவில் தலையை ஆட்டுவார். அவருடைய மனைவி லில்லிபுஷ்பம் ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னக் கோயிலில் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுத்தாள். சந்தையில் தவறி ஒரு முட்டை கூடுதலாக வந்துவிட்டால் வெயிலில் திரும்ப நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருகிறவள். அவளை ஊரில் மாமா லில்லி என்றார்கள். அங்கே மாமா என்றால் அம்மா. முதல் வருடம் அதைக் கேட்டு வாய்பொத்திச் சிரித்தவள் பதினாறு வருடங்களில் யாராவது தமிழில் மாமா என்றால்கூடத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பழகிவிட்டிருந்தாள்.

அந்த வருடத்தோடு வாத்தியாரின் பணி ஒப்பந்தம் முடிந்தது. கொடிநாளுக்கு நாலாம் நாள் கப்பல். பிப்ரவரியில் மகள் ஃபிளாரன்ஸுக்குக் கல்யாணம்.

ஆட்டத்தில் மிவிண்டி ஒரு கோல் முன்னால் இருந்தது. போட்டவன் அவர்களுடைய தலைவன் சலூம், மீன்பிடிக்கிறவன், குள்ளமானவன், ஓடும்போது தரையைத் தொடாதவன் போல ஓடுவான். எழுபத்தோராம் நிமிடத்தில் அவன் வலது பக்கக் கோட்டை ஒட்டிப் பந்தைத் தட்டிக்கொண்டு வர, கிசிமாவின் பின்வரிசைக்காரன் ஹமாதி, கிராம்பு மரமேறி, ஆறடிக்கு மேல் உயரம், குறுக்கே பாய்ந்து பந்தைத் தன் காலுக்கு வாங்கி, யோசிக்க நேரமில்லாமல் வானத்தைப் பார்த்து உதைத்தான். நாலாயிரம் கழுத்துகள் நிமிர்ந்தன. பந்து தேங்காய் அளவானது, எலுமிச்சை அளவானது, மிளகு அளவானது, அங்கேயே நின்றது. சலூம் அது விழுகிற இடத்தைக் கணித்து நெஞ்சை நிமிர்த்திக் காத்திருந்தான். கோல்கீப்பர்கள் இருவரும் இரண்டடி முன்னால் வந்தார்கள். கடற்காற்று அடித்தது, தென்னைகள் ஆடின, பந்து ஆடவில்லை. நெற்றியில் கை வைத்து எல்லோரும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள், பிறகு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

அதிசயம் என்று ஒருவரும் சொல்லவில்லை. இது யார் வேலை என்றுதான் கேட்டார்கள்.

"தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் பந்தை ஒளித்துவிட்டார்கள்" என்றார்கள் மிவிண்டிக்காரர்கள்.

"ஒரு கோலைக் காப்பாற்றிக்கொள்ள வானத்தில் பிடித்து வைத்திருக்கிறார்கள்" என்றார்கள் கிசிமாக்காரர்கள்.

சலூம் வாத்தியாரிடம் வந்தான். "முவாலிமு, விசில் ஊதுங்க. ஒன்றுக்குப் பூஜ்யம். ஆட்டம் முடிஞ்சுபோச்சு."

கிசிமா அணியை வெளியிலிருந்து நடத்துகிறவரும் ஊரின் ரொட்டிக்கடைக்காரருமான பக்காரி, கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "இன்னும் பத்தொன்பது நிமிஷம் இருக்கு. வேற பந்து கொடுக்கச் சொல்லுங்க முவாலிமு. பந்து இல்லாம எப்படி ஆடுறது?"

ஞானமுத்து சட்டைப்பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். அதில் இப்படி ஒரு நிலைமைக்கு விதி இல்லை என்று அவருக்குத் தெரியும், ஆனால் புத்தகம் கையில் இருக்கும்போது அவருடைய குரல் நடுங்குவதில்லை. இப்போது விசில் ஊதினால் மிவிண்டிக்கு விலைபோனவர், வேறு பந்து கொடுத்தால் கிசிமாவுக்கு விலைபோனவர். அவர் புத்தகத்தைப் புரட்டினார், வானத்தைப் பார்த்தார், மறுபடியும் புரட்டினார்.

"தரையிலோ ஆகாயத்திலோ கோட்டை முழுசாத் தாண்டாதவரைக்கும் பந்து ஆட்டத்தில்தான் இருக்கு" என்றார். "பந்து கிழியலை, காத்து இறங்கலை. அதனால மாத்த முடியாது. அது வர்றவரைக்கும் போற நேரம் வீணான நேரம். அதை நான் சேர்த்துத் தருவேன்." கடிகாரத்தை நிறுத்தினார்.

ஆட்டம் முடியாததால் ஆட்டக்காரர்கள் யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது, நடுவரின் அனுமதி இல்லாமல் வெளியே போகிறவனுக்கு மஞ்சள் அட்டை. இருபத்திரண்டு பேரும் அன்றைக்கு மைதானத்திலேயே சாப்பிட்டார்கள். மறுநாளும் சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் ஞானமுத்து பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு மேசையையும் கணக்கு நோட்டையும் வரவழைத்துத் தாளைக் கிழித்து அனுமதிச் சீட்டு எழுதித்தர ஆரம்பித்தார். மழிக்கப் போக அரைமணி, மாமனாரின் அடக்கத்துக்குப் போக இரண்டு மணி, கிராம்பு காயப்போட்டிருக்கிறேன் முவாலிமு மேகம் கறுக்கிறது என்றால் கால்மணி. ஒரு ஊரிலிருந்து ஒருவன் போனால் மற்ற ஊரிலிருந்தும் ஒருவன் போக வேண்டும், இல்லாவிட்டால் அந்த நேரம் பார்த்துப் பந்து விழுந்துவிடும் என்று இரண்டு பக்கமும் பயந்தார்கள். போவதற்கு ஒரு வேலையும் இல்லாதவன்கூட எதிர் ஊர்க்காரன் போகிறானே என்பதற்காக எழுந்து போய் மைதானத்துக்கு வெளியே சும்மா நின்றுவிட்டு வந்தான்.

இப்படியே தீவு அதற்குப் பழகியது. பந்துக்குக் காவல் வைத்தார்கள், கிசிமாவிலிருந்து ஆறு பேர், மிவிண்டியிலிருந்து ஆறு பேர். அந்தப் பன்னிரண்டு பேரும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளக் கூடாதே என்று அவர்களைக் கவனிக்க இன்னும் நாலு பேர் வைத்தார்கள். மழை பெய்தால் மழை நின்ற பிறகும் மைதானத்தின் ஒரே இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது, அந்த இடத்தில் ஒரு சட்டியை வைத்து, அந்தத் தண்ணீரை எந்த ஊர் எடுப்பது என்று சண்டை வந்து, கடைசியில் ஆட்டுக்குக் கொடுத்தார்கள், ஆட்டை ஒரு வாரம் கவனித்தார்கள். அவ்வளவு உயரத்திலிருந்தும் பந்தின் நிழல் ஒரு தட்டு அளவுக்குப் புல்லில் விழுந்தது, காலையில் கிசிமாவின் பாதியில் இருந்து மதியம் நடுக்கோட்டைத் தாண்டி மாலையில் மிவிண்டியின் பாதிக்குப் போனது, பள்ளிக்கூடத்தில் அதைப் பார்த்தே மணி அடித்தார்கள். மைதானத்தின் ஓரம் வறுத்த மரவள்ளி விற்கிற பெண் நிழல் நெருங்கினால் சாக்கை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள், அது மேலே பட்ட கிழங்கை யாரும் வாங்குவதில்லை. இரண்டு ஊர் மந்திரவாதிகளும் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, இது என் வேலை இல்லை, அவன் வேலை என்று ஒருவரை ஒருவர் காட்டிவிட்டுப் போனார்கள். தலைநகரத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கோப்பையின் முடிவு இன்னும் வந்து சேரவில்லை, தாமதத்துக்குக் காரணம் கேட்டு எழுதியிருந்தார்கள். 'பந்து வரவில்லை' என்று ஞானமுத்து பதில் எழுதினார். கிடங்கிலிருந்து இரண்டு பந்துகள் அனுப்பி வைத்தார்கள்.

நாலாம் நாள் கப்பல் அவர்களை ஏற்றாமல் போனது. துறைமுகத்தில் சீட்டு எழுதுகிறவன் பெட்டிகளைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினான். "ஆட்டம் முடிஞ்சதும் வாங்க முவாலிமு." மனைவியையாவது அனுப்பு என்றார் ஞானமுத்து. "மாமா லில்லி முதல்ல போனா, நீங்க எதையோ கொடுத்தனுப்புறீங்கன்னு சொல்லுவாங்க" என்றான் அவன், அக்கறையோடுதான் சொன்னான்.

கட்டிய பெட்டிகளைப் பிரிக்காமல், இரண்டு தட்டையும் ஒரு சட்டியையும் மட்டும் வெளியே எடுத்து லில்லிபுஷ்பம் சமைத்தாள். மதியம் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் மைதானத்துக்கே கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"ஊதித் தொலைச்சிட்டு வாங்களேன்" என்றாள். "யார் ஜெயிச்சா நமக்கு என்ன?"

"ஊதினா கிசிமாக்காரன் சும்மா விடுவானா?"

"அப்ப வேற பந்தைக் கொடுங்க."

"மிவிண்டிக்காரன் விடுவானா?"

"ஃபிளாரன்ஸு கல்யாணத்துக்கு அப்பாவும் இல்லாம அம்மாவும் இல்லாம யாரு பக்கத்துல நிப்பா? அதுக்கு உங்க புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு, பாத்துச் சொல்லுங்க."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே வானத்தைப் பார்த்தார். பன்னிரண்டு காவல்காரர்களும் நாலு கவனிப்புக்காரர்களும் அவர் எதற்காக இப்போது வானத்தைப் பார்த்தார் என்று அவரைப் பார்த்தார்கள்.

உள்ளே, கோடுகளுக்கு நடுவே, இருபத்திரண்டு பேர் ஒன்றாக வாழப் பழகிக்கொண்டிருந்தார்கள். முதல் வாரம் நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் பிரிந்து கிடந்தவர்கள், மழை வந்து ஒரு பக்கம் சேறானதும் காய்ந்த பக்கத்தில் நெருங்கிப் படுத்தார்கள். சலூமுக்குக் காய்ச்சல் கண்டபோது ஹமாதி தன் பாயைக் கொடுத்தான். தேறிய பிறகு சலூம் தன் வீட்டிலிருந்து வந்த மீனில் பாதியை அவனுக்குக் கொடுத்தான், ஹமாதி அதைச் சாப்பிட்டான். அதை மைதானத்தைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அன்றிலிருந்து கிசிமாவில் பேச்சு வேறு விதமாக ஆனது.

ஹமாதியின் மனைவி மரியமு மிவிண்டியில் பிறந்தவள் என்பது எல்லோருக்கும் எப்போதும் தெரிந்த விஷயம்தான், கல்யாணத்தில் எல்லோரும் ஆடியிருக்கிறார்கள், ஆனால் இப்போது அதை ஒருவரிடம் ஒருவர் புதிதாகக் கேள்விப்பட்டது போலச் சொல்லிக்கொண்டார்கள். பதினைந்து வருடமாக ஆடுகிறவன், பந்தைப் பக்கத்தில் தட்டிவிட வேண்டிய இடத்தில் எதற்காக மேலே உதைத்தான்? அவனுடைய காலணியை அன்று காலையில் துடைத்தது யார்? மரியமு இருபத்து மூன்றாம் நாள் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். ஞானமுத்து ஒரு நாள் முழுவதற்கும் சீட்டு எழுதிக்கொடுத்தார். ஹமாதி போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றபோது, பார்க்க வந்த மிவிண்டி மாமியாரும் மச்சினிகளும் வீட்டுக்குள் இருந்தார்கள், வெளியே நின்ற கிசிமாக்காரர்கள், எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். மறுவாரம் அவனுடைய மரமேறும் கயிறுகளை யாரோ துண்டு துண்டாக வெட்டி வாசலில் போட்டிருந்தார்கள். மரியமு குழந்தையோடு தாய்வீட்டுக்குப் போனாள். அங்கே அவளை, கிசிமாக்காரன் பந்தை ஒளித்து வைத்த இடம் உனக்குத் தெரியாமல் இருக்குமா என்று கேட்டார்கள்.

நாற்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. மதியத் தொழுகை முடிந்து இரண்டு ஊர்களும் மைதானத்தில் கூடின. பக்காரி நாலு பேரோடு கோட்டைத் தாண்டி உள்ளே வந்து, தூங்கிக்கொண்டிருந்த ஹமாதியை எழுப்பி, கைகளைப் பின்னால் கட்டி நடுவட்டத்தில் நிற்கவைத்தார்.

"ஏத்தினவனுக்கு இறக்கவும் தெரியும்" என்றார் பக்காரி. அவர் கோபமாகப் பேசவில்லை, களைத்துப்போன குரலில் பேசினார். "பொழுது சாயறதுக்குள்ள இறக்கு. இல்லேன்னா துடுப்பு இல்லாத படகுல உன்னைப் பவளப்பாறைக்கு வெளியே விட்டுடுவோம். நீ போனா அதுவும் உன் பின்னாலேயே போகும்."

"நான் உதைச்சேன்" என்றான் ஹமாதி. "அவ்வளவுதான் பக்காரி. உதைச்சேன். என்னை உங்களுக்குத் தெரியாதா?"

பக்காரி கீழே பார்த்தார். ஹமாதி சின்ன வயதில் அவருடைய அடுப்பில் வேலை பார்த்தவன். "தெரியும்னுதான் நினைச்சேன்" என்றார்.

சலூம் எழுந்து குறுக்கே வந்தான். மிவிண்டிக்காரர்கள் மூன்று பேர் அவனைத் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்கும் அதே எண்ணம்தான் இருந்தது. நாற்பது நாட்களில் முதல் தடவையாக இரண்டு ஊர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதைக் கண்டு, தூரத்தில் மேசையருகே உட்கார்ந்திருந்த ஞானமுத்து எழுதிக்கொண்டிருந்த சீட்டைப் பாதியில் நிறுத்தினார். மண்ணில் படகு இழுபடும் சத்தம் கடற்கரைப் பக்கமிருந்து கேட்டது. கைகட்டப்பட்டிருந்த ஹமாதி மேலே பார்க்கவில்லை, தெற்கே, மிவிண்டிக்குப் போகிற சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞானமுத்து எழுந்தார். நடுவட்டம் வரைக்கும் நடந்து போய் விசிலை வாயில் வைத்து ஊதினார். நாற்பது நாட்களாக ஊதாத விசில் முதலில் காற்றாக வந்தது, இரண்டாம் தடவைதான் சத்தம் வந்தது.

"பந்து வெளியே போயிடுச்சு" என்றார்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பந்து அதே இடத்தில் இருந்தது.

"இப்ப இல்லை. அன்னைக்கே. ஹமாதி உதைக்கிறதுக்கு முன்னாடியே சலூம் கால்ல பட்டுக் கோட்டைத் தாண்டிடுச்சு. செத்த பந்தைத்தான் ஹமாதி உதைச்சான். அதனால மேலே இருக்கிறது ஆட்டத்துப் பந்து இல்லை. அது வந்தாலும் ஒண்ணுதான், வராட்டாலும் ஒண்ணுதான். கிசிமாவுக்கு த்ரோ. வேற பந்து எடுங்க."

அண்ணாந்திருந்த நாலாயிரம் கழுத்துகளும் கீழே இறங்கின.

"நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டார் பக்காரி.

"பார்த்தேன்."

"பார்த்துட்டு ஏன் ஊதலை?"

இந்தக் கேள்வி வரும் என்று அவர் யோசிக்கவில்லை. கணக்கு வாத்தியார் அவர், விடையை எழுதிவிட்டு வழியை எழுத மறந்தவர் போல நின்றார். "ஊதலை" என்றார். "தப்புதான்."

பக்காரி முட்டாள் இல்லை. அவர் வாத்தியாரை மேலும் கீழும் பார்த்தார். "நாற்பது நாளா சீட்டு எழுதிக்கொடுத்துட்டு, இவன் கையைக் கட்டினதும் ஞாபகம் வருதா? இவனைக் காப்பாத்தப் பொய் சொல்றீங்க. வேற யாரு பார்த்தது?"

லைன்ஸ்மேன்கள் தலையை ஆட்டினார்கள், ஒருவன் மறுபக்கத்தில் இருந்தான், ஒருவன் கால் தடுக்கி விழுந்து கிடந்தான். அப்போது மரவள்ளி விற்கிற பெண், யோசித்துப் பார்த்து, அன்றைக்கு அந்தக் கோட்டோரத்தில் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது மாமா லில்லிதான் என்றாள்.

ஆள் அனுப்பி அழைத்துவந்தார்கள். மாவு பிசைந்த கையோடு லில்லிபுஷ்பம் வந்தாள், கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. முவாலிமுவை நம்பாதவர்களும் அவளை நம்பினார்கள், அவள் பொய் சொல்லி அந்தத் தீவில் ஒருவரும் கேட்டதில்லை. பக்காரி கேள்வியை மெதுவாக, மரியாதையாக, இரண்டு தடவை கேட்டார். ஹமாதி உதைப்பதற்கு முன் பந்து கோட்டைத் தாண்டியதா, இல்லையா?

அவள் ஹமாதியின் கட்டிய கைகளைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். ஞானமுத்து அவளிடம் கண்ணால்கூட எதுவும் கேட்கவில்லை, கேட்டால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று தரையைப் பார்த்தார்.

"தாண்டிச்சு" என்றாள். "ஒரு சாண் தாண்டிச்சு. என் செருப்புக்கு முன்னாடிதான்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது.

"அப்ப ஏன் மாமா லில்லி இத்தனை நாளா சொல்லலை?" என்றார் பக்காரி.

"அன்னைக்கே வீட்டுல சொன்னேன்" என்றாள் அவள். குரல் தடுமாறவில்லை. "வாயை மூடிக்கிட்டு இரு, ஊருக்குப் போற நேரத்துல நமக்கு எதுக்கு வம்புன்னு சொன்னார். அதான் மூடிக்கிட்டு இருந்தேன்."

ஞானமுத்து தலையை நிமிர்த்தினார். அவருடைய காது மடல்கள் சிவந்தன. அந்தச் சிவப்பைக் கண்டுதான் ஊர் நம்பியது. மைதானம் முழுவதும் ஒரு பெருமூச்சு காற்றுபோலப் போனது, நாற்பது நாட்களாக உட்கார இடமில்லாமல் வீடு வீடாக அலைந்த சந்தேகம் கடைசியில் ஒரு மனிதன்மேல் போய் உட்கார்ந்தது. அவன் கிசிமாக்காரனும் இல்லை, மிவிண்டிக்காரனும் இல்லை என்பதில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி இருந்தது. ஹமாதியின் கட்டை அவிழ்த்தது பக்காரிதான், அவிழ்த்துவிட்டு அவனுடைய மணிக்கட்டுகளைத் தன் கையால் தேய்த்துவிட்டார். யாரோ ஒரு செருப்பை எறிந்தார்கள், அது ஞானமுத்துவின் முதுகில் பட்டு விழுந்தது. மிவிண்டிக்காரர் ஒருவரும் கிசிமாக்காரர் ஒருவரும் அடுத்தடுத்து நின்று அவரை நோக்கித் துப்பினார்கள், துப்பிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

மீதி பத்தொன்பது நிமிடத்துக்கு வேறு நடுவர் வேண்டும் என்றார்கள். யார் என்று கேட்டபோது ஒரு ஊர் சொன்ன பெயரை மற்ற ஊர் மறுத்தது, அப்படி எட்டுப் பெயர்கள் போன பிறகு, அந்த ஏமாற்றுக்காரனே ஊதட்டும் என்று விட்டார்கள். ஞானமுத்து கடிகாரத்தை ஓடவிட்டார். அவர் ஊதிய ஒவ்வொரு விசிலுக்கும் இரண்டு ஊர்களும் சேர்ந்து அவரைத் திட்டின. அவர் ஒவ்வொரு தவறையும் சரியாகவே ஊதினார். கோல் எதுவும் விழவில்லை. மிவிண்டி ஜெயித்தது, கோப்பையைச் சலூம் வாங்கிக்கொண்டான், கிசிமாக்காரர்கள் வழக்கமாக எறிகிற கல்லை எறியவில்லை, தோற்கடித்தது மிவிண்டி இல்லை என்று அவர்களுக்குச் சமாதானம் இருந்தது. எல்லாம் முடிந்து ஒருவன் தற்செயலாக மேலே பார்த்தபோது வானத்தில் பந்து இல்லை. பத்தொன்பது நிமிடமும் காவல்காரர்கள் உட்பட எல்லோரும் ஆட்டத்தைத்தான் பார்த்திருந்தார்கள், எப்போது போனது என்று சொல்ல ஆளில்லை. மறுநாள் கிசிமாவின் வீடுகளை மிவிண்டிக்காரர்களும் மிவிண்டியின் வீடுகளைக் கிசிமாக்காரர்களும் சோதனை போட்டார்கள். கோழிக்கூடுகளைக்கூட விடவில்லை.

துறைமுகத்தில் சீட்டு எழுதுகிறவன் முகத்தைப் பார்க்காமல் இரண்டு சீட்டுகளை எழுதித் தள்ளினான். வழியனுப்ப யாரும் வரவில்லை. ஹமாதி மட்டும் கிராம்பு மூட்டைகளுக்குப் பின்னால், வேறு வேலையாக வந்தவன்போல நின்றான். தோளில் குழந்தை இருந்தது, பக்கத்தில் மரியமு. கப்பல் நகர்ந்தபோதும் அவன் கையை ஆட்டவில்லை. ஆட்டியிருந்தால் ஏன் ஆட்டினான் என்று கேட்டிருப்பார்கள், அது ஞானமுத்துவுக்குப் புரிந்தது, அவரும் கையை ஆட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார், மூட்டையும் மனிதனும் ஒன்றாகிற தூரம் வரைக்கும்.

தீவு மறைந்த பிறகு லில்லிபுஷ்பம் பெட்டிமேல் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தாள். வெயில் நல்ல வெயில், கடல் தட்டையாகக் கிடந்தது. ரொம்ப நேரம் அவர் சாப்பிடாமல் இருந்தார்.

"பதினாறு வருஷம்" என்றார் கடைசியில். "ஒருத்தன் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல. தாண்டிச்சுன்னு சொன்னதோட நிறுத்தியிருக்கலாம். வாயை மூடச் சொன்னேன்னு எதுக்குச் சொன்ன?"

"தாண்டிச்சுன்னு மட்டும் சொன்னா, புருசனைக் காப்பாத்துதான்னு சொல்லுவாங்க. உங்களைக் காட்டிக்கொடுத்தாத்தான நம்புவாங்க?"

அதை அவர் யோசித்துப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒரு வாய் சாப்பிட்டார்.

"நான் கோட்டைப் பாக்கவே இல்ல, புஷ்பம்" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டு. "ஹமாதி முழங்கையால தள்ளுதானான்னு அவன் முழங்கையைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். பந்து எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

அவள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

"நீ அங்கதான உக்காந்திருந்த?"

"ஆமா."

"நிசமாவே தாண்டிச்சா?"

லில்லிபுஷ்பம் கடலைப் பார்த்தாள். காலையில் பிசைந்த மாவு காய்ந்து ஒட்டியிருந்த விரல் நகத்தைச் சுரண்டினாள்.

"ரெஃபரி நீங்கதான?" என்றாள்.